இருபத்து மூன்று நீலக் கோடுகள்

சுவிஸின் பாசல் நகரில் ஓர் ஓவியக் காட்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வாரம், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மொஸ்கோவிலிருந்து வந்த ஓவியம் ஒன்றைக் கெடுத்தேன். கெடுக்கிறேன் என்று தெரியாது. நல்ல வேலை செய்கிறேன் என்ற நினைப்பில், ஆறுதலாக, வெகு திருப்தியோடு கெடுத்தேன்.

அது எண்பதுகளின் கடைசி. அதற்குப் பிறகு படங்களைப் பொதி செய்து, ஏற்றி இறக்கி, சுவரில் மாட்டியே என் காலம் போய்விட்டது. இப்போது பென்ஷன். இந்த வேலைக்கு எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் சிலர் வருகிறார்கள். "உங்கட அனுபவத்தை எழுதுங்கோ" என்று அவர்கள் கேட்டபோது, கெட்டித்தனமாகச் செய்த காரியங்களைத்தான் முதலில் யோசித்தேன். ஒன்றும் சரியாக ஞாபகம் வரவில்லை. இந்தப் பிழைதான் வெள்ளையும் சிள்ளையுமாக முன்னால் வந்து நின்றது.

1. பெட்டிக்குள் கோதுமை

காட்சிக்கூடம் ரைன் ஆற்றுக்குக் கிட்ட இருந்தது. முன்னொரு காலத்தில் பட்டு ரிபன் நெய்த தொழிற்சாலையாம். உயர்ந்த கூரை, வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல்கள். நவம்பர் மாதத்தில் ஆற்றிலிருந்து எழும் பனிமூட்டம், எங்கள் பேச்சில் பனிப்புகார், அந்த ஜன்னல்களில் வந்து ஒட்டிக்கொள்ளும். வெளியே ட்ராம் போகும் சத்தம் கேட்கும், ட்ராம் தெரியாது. காலையில் உள்ளே நுழைந்தால் நித்திரையா விழிப்பா என்று எனக்கே சந்தேகம் வரும்.

முதலாளி ஃபிராவ் கெல்லர். அறுபது வயது இருக்கும். நெட்டையான மனுசி, கொண்டைக்குள் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். அதைத் தேடிக்கொண்டும் இருப்பார்.

என்னிடம் இருந்தது அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்குக் கொடுக்கும் அட்டை. வேலை அனுமதி மூன்று மாதத்துக்குத்தான். அதை நீட்டிக்க வேண்டுமென்றால், "இந்த ஆள் எங்களுக்கு வேண்டும்" என்று வேலை கொடுத்தவர் கன்ரோன் என்ற மாநில அரசின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவேண்டும். அதற்கு முன் ஒரு ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவினேன். நாள் முழுக்கச் சுடுதண்ணீரில் ஊறிய கை, இங்கே வந்துதான் திரும்ப பெயின்ற் வாசம் பிடித்தது. இந்த வேலையை விடக்கூடாது என்று முதல் நாளே முடிவெடுத்திருந்தேன்.

அந்த மாதம் ரஷ்ய ஓவியர்களின் கண்காட்சி. மூன்று பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. நான் ஆணி கழற்ற, ஃபிராவ் கெல்லர் விளக்கம் சொன்னார். அவர் பேசியது ஜெர்மன். ஆனால் அந்த நாளில் யார் என்ன சொன்னாலும் என் மண்டைக்குள் எங்கள் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன். ஹெர் நேசன் என்றால் திரு. நேசன், நான்தான்.

"அங்கை அரசாங்கம் சொன்ன மாதிரித்தான் படம் கீறவேணும், ஹெர் நேசன். அறுவடை, தொழிற்சாலை, சிரிக்கிற சனம், கை உயர்த்தின தலைவர். சோசலிச யதார்த்தவாதம் எண்டு பேர். உந்த ஓவியர் எல்லாரும் அதைப் பள்ளிக்கூடத்திலை முறையாப் படிச்ச ஆக்கள். இப்ப அதே தூரிகையாலை விளையாடுகினம். அமெரிக்கன் பொப் ஆர்ட்காரர் கடைச் சாமான்களை வைச்சு விளையாடினது மாதிரி, உவையள் தங்கட அரசாங்கப் படத்தை வைச்சு விளையாடுகினம்."

முதல் பெட்டியில் ஒரு சுரங்கத் தொழிலாளி வந்தார். மலை மாதிரித் தோள், நெருப்பு மாதிரிக் கண். நெஞ்சில் பதக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மீன் ரின், கடையில் விற்கும் தகர டப்பா. இரண்டாவதில் பால்காரப் பெண்கள், வெளிநாட்டு ஷாம்பூப் போத்தல்களைக் கதிர்க்கட்டு மாதிரி அணைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபிராவ் கெல்லரும் சிரித்தார்.

மூன்றாவது பெட்டிக்குள் கோதுமை வயல். மூன்று மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் உயரம். நடுவில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு தலைவர் தூரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் பொன்னாக விளைந்த வயல். பலகையை எடுத்ததும் அந்த மங்கல் மண்டபத்துக்குள் வெயில் வந்ததுபோல இருந்தது. மீன் ரின் இல்லை, ஷாம்பூ இல்லை. படம் முழுக்க நெடுக்கும் குறுக்குமாக நீல வெண்கட்டியால், அதாவது சோக்கால், போட்ட கோடுகள் மட்டும் இருந்தன. ஓரத்தில் சின்ன எண்கள்.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது: யாரோ அவசரத்தில் துடைக்க மறந்துவிட்டான்.

2. சீலையும் மேகமும்

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்பதற்கு, யாழ்ப்பாணத்தில் என் தொழிலைச் சொல்லவேண்டும். சினிமாத் தியேட்டர்களுக்குப் பெரிய விளம்பரப் பனர் கீறுகிற ஒரு கூட்டத்தில் நான் ஆறு வருடம் வேலை செய்தேன். சின்னப் போட்டோவில் கட்டம் போடுவோம். பெரிய துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம். நீலத்தூளில் தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். பிறகு கட்டம் கட்டமாகப் பார்த்துக் கீறினால் விரலளவு முகம் வீட்டளவாகும். பெயின்ற் காய்ந்தபிறகு எங்கேயாவது திருத்தம் பார்க்கவேண்டுமென்றால் மேலேயே திரும்ப நூல் அடிப்போம்.

முகம் எல்லாம் முதலாளி கீறுவார். எனக்குச் சீலை, மேகம், எழுத்து. ஆறு வருடத்தில் ஒரு மூக்குக்கூட என்னிடம் தரவில்லை.

கடைசி வேலை, கோடு துடைப்பது. துணியால் துடைத்தால் நீலம் அப்பிக்கொள்ளும். முதல் நாள் வாங்கிய பாண் ரொட்டியின் உள்பகுதியைப் பிய்த்து உருட்டி, மெல்ல ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். ஒருமுறை ஒரு கோடு மிஞ்சிவிட்டது. முதலாளி வீதி முழுக்கக் கேட்கக் கத்தினார்: "சனத்துக்கு முகம் தெரியவேணும், எங்கட கோடு தெரியப்படாது! கோடு தெரிஞ்சால் அவர் என்ன கதாநாயகனடா, கடதாசி!"

அந்தச் சத்தம் காதில் இருந்துகொண்டே இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

அன்று மத்தியானம் ஃபிராவ் கெல்லர் கண்காட்சிப் புத்தகம் விஷயமாக அச்சகத்துக்குப் போய்விட்டார். விளக்குப் பொருத்த வந்த இரண்டு எலெக்றீசியன்களும் சாப்பிடப் போனார்கள். நான் என் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கோதுமை வயலுக்கு முன்னால் இருந்தேன். வெள்ளிக்கிழமை திறப்புவிழா. இந்தக் கோடுகளோடு மாட்டினால் பாவம், அந்த ரஷ்யனுக்கல்லவா வெட்கம்?

பாதிப் பாணைச் சாப்பிட்டேன். மீதியை உருட்டினேன்.

நெடுக்குக் கோடு பதினான்கு, குறுக்குக் கோடு ஒன்பது. ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். ஜன்னலில் புகார், உள்ளே வெயில். கோடு போகப்போக வயல் திறந்து விரிந்தது. கொஞ்ச நேரத்தில் கோதுமை ஆடுவதாகவே தெரிந்தது. கால் சூடாக இருந்தது. தலைவர் காட்டிய திசையில் நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அங்கே தீயணைக்கும் கருவிதான் இருந்தது. ஊரை விட்டு வந்தபிறகு அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. கடைசியாக ஓரத்து எண்களையும் எடுத்து, நிலத்தில் விழுந்த நீலப் பாண் துகள்களைக் கூட்டி அள்ளினேன்.

எலெக்றீசியன்கள் வந்ததும் மூவருமாகப் படத்தை மாட்டினோம். அவர்கள் கூரையில் துளைபோட இருந்ததால் தூசி படாமல் எல்லாப் படத்துக்கும் பிளாஸ்ரிக் மூடினோம். அதனால் ஃபிராவ் கெல்லர் திரும்பி வந்தும் ஒன்றும் பார்க்கவில்லை.

3. பத்தொன்பதாம் பக்கம்

அடுத்த நாள் பின்னேரம் புத்தகக் கட்டுகள் வந்தன. அடுக்கும்போது ஒன்றை விரித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் என் கோதுமை வயல். கோடுகளோடு. கீழே தலைப்பு: "இருபத்து மூன்று கோடுகளும் ஒரு தலைவரும்."

ஜெர்மன் எனக்கு அரைகுறைதான். ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். பதினான்கும் ஒன்பதும் இருபத்து மூன்று. புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். கோடுகள் அங்கேயே இருந்தன.

விடியக் காலை ட்ராமில் குணம் அண்ணையிடம் சொன்னேன். அவரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். அவருக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

"ஆராவது பார்த்தவையோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இரு. வழியிலை உரசுப்பட்டுப் போச்செண்டு நினைப்பினம். பெட்டி மொஸ்கோவிலையிருந்து வந்தது, என்னவும் நடந்திருக்கலாம்."

"அந்த ஓவியர் இண்டைக்கு வாறாராம்."

"வரட்டுமன். கடிதம் இன்னும் கையெழுத்தாகேல்லை எண்டு நீதானே சொன்னனீ? விசர் வேலை பார்த்து அதைக் கெடுக்காதை. வேலை போனால் அனுமதி போகும். அனுமதி போனால் பிறகு என்ன நடக்குமெண்டு எனக்கே தெரியாது."

அவர் சொன்னது முழுக்க நியாயம். ட்ராம் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்வரையிலும், பேசாமல் இருப்பதென்றுதான் தீர்மானித்திருந்தேன். ஆனால் உள்ளே போனபோது ஃபிராவ் கெல்லர் பிளாஸ்ரிக்கை விலக்கிவிட்டு, கையில் பத்தொன்பதாம் பக்கத்தோடு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். முகம் வெளிறியிருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, தன்னைத்தானே கேட்டார்: "நான் பெட்டியை வடிவாப் பார்த்து இறக்கேல்லையோ?"

அந்த மனுசி பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"நான்தான் துடைச்சனான்," என்றேன். "பாணாலை."

அவர் என்னைப் பார்த்தார். கொண்டையில் பென்சிலைத் தேடினார். எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பச் செருகினார்.

"உங்கட கடிதம் மேசையிலை கிடக்கு," என்றார் கடைசியில். "அதை இப்ப என்னாலை தொடேலாது. முதல் அவர் வந்து பார்க்கட்டும்."

4. அர்காடி

கோதுமை வயலைக் கீறிய ஓவியர் அர்காடி மத்தியானம் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது. குளிருக்குக் காணாத மெல்லிய கோட்டு, ஒரு சின்ன சூட்கேஸ், பெரிய கைகள். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். அதனால் நாங்கள் இருவரும் நன்றாக விளங்கிக்கொண்டோம். ஃபிராவ் கெல்லர்தான் இடையில் தடுமாறினார்.

அவர் படத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. பிறகு கிட்டப் போய்த் துணியை முகர்ந்து பார்த்தார்.

"பாணோ?"

"ஓம்."

"வெள்ளைப் பாண். நாங்கள் கறுப்புப் பாணாலை துடைப்பம்." திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கை பழகினீர்?"

தியேட்டர் பனர், சீலை, மேகம் எல்லாம் சொன்னேன். அவருடைய முகம் மெல்ல மாறியது.

"நான் அரசாங்க வேர்க்‌ஷொப்பிலை பதினொரு வருசம்," என்றார். "ஒரு நாளைக்கு ஒரு தலைவர். சின்னப் போட்டோ, பெரிய துணி, நூல் அடிச்சுக் கட்டம். எனக்குக் கோட்டுச் சட்டையும் பொத்தானும். முகம் கீற வேறை ஆள்."

"மூக்குக்கூடத் தரேல்லையோ?"

"ஒரு காது தந்தவங்கள். ஒருக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு கணம் வேலை, கடிதம் எல்லாவற்றையும் மறக்கப் பண்ணியது. ஆனால் அவர் உடனே படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீர் என்ன செய்திருக்கிறீர் தெரியுமோ? இப்ப இது உண்மையான அரசாங்கப் படம். அப்பிடியே கொண்டுபோய் எங்கட மண்டபத்திலை மாட்டலாம். கைதட்டுவாங்கள். மற்றவை மீன் ரின்னும் போத்திலும் வைச்சுப் பகிடி பண்ணினவை. என்னட்டை இருந்தது அந்தக் கோடு மட்டும்தான். இந்தத் தலைவர் ஆகாயத்திலையிருந்து வரேல்லை, நாங்கள் நாலு பேர் நூல் அடிச்சுச் செய்ததெண்டு காட்டத்தான் போட்டனான். கோடுதான் என்ரை படம், தம்பி. மிச்சமெல்லாம் அவங்கட படம்."

 யாழ்ப்பாணத்து முதலாளி கத்திய அதே விஷயத்தை இந்த மனிதர் மறுபக்கம் நின்று சொல்கிறார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் தொழில்காரன் புத்தி வேறு கேள்வியைக் கேட்டுவிட்டது.

"அப்ப ஏன் வெண்கட்டியிலை போட்டீங்கள்? பெயின்றிலை போட்டிருந்தால் பாணுக்குப் போயிருக்காதே?"

 வெளியே ஒரு ட்ராம் புகாருக்குள்ளால் போனது. அது போய் முடியுமட்டும் அவர் காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"படம் வெளியிலை போக முதல் அரசாங்கத்தின்ரை தணிக்கைக் கொமிஷன்காரர் பார்ப்பினம். உது என்னெண்டு கேட்டால், வேலை முடியேல்லை, துடைச்சுப் போடுறன் எண்டு சொல்லலாமெண்டு நினைச்சனான். சட்டைப்பைக்குள்ளை பாணும் வைச்சிருந்தனான்."

"கேட்டவையோ?"

"கேட்கேல்லை. ஆனால் நான் துடைக்க ஆயத்தமாத்தான் நிண்டனான்."

ஃபிராவ் கெல்லர் இதில் எவ்வளவு விளங்கிக்கொண்டாரோ தெரியாது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்குப் பின்னேரம் திறப்பு," என்றார். "என்ன செய்யப்போறீங்கள்?"

"நூல் வேணும்," என்றார் அர்காடி.

நான் பொதி கட்டும் நூலைக் கொண்டுவந்தேன். அளந்து வெட்டி, இருபது சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாகச் சட்டத்தின் ஓரத்தில் அடையாளம் வைத்தேன். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"வெண்கட்டியோ, பெயின்றோ?"

அவர் கதிரையில் இருந்துவிட்டார். அந்தப் பெரிய கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. எனக்கு விளங்கியது. அடுத்த கிழமை அவர் மொஸ்கோவுக்குத் திரும்பிப் போகவேண்டியவர். வெண்கட்டி என்றால் எப்போதும் துடைக்கலாம். பெயின்ற் என்றால் சாகும்வரை அது அவர் சொன்ன சொல்.

"நான் அடிக்கிறன்," என்றேன். "நீங்கள் நூலைத் தொடவும் வேண்டாம். அங்கை ஆரும் கேட்டால், பாசலிலை ஒரு தமிழன், வேலைக்காரன், விசரன், தன்ரை எண்ணத்துக்கு அடிச்சுப் போட்டானெண்டு சொல்லுங்கோ. என்னை அவங்கள் என்ன செய்யேலும்?"

 எந்த நேரம் திருப்பி அனுப்புவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருப்பவன், இன்னொருவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறான்! ஆனால் உண்மையாகத்தான் சொன்னேன்.

அர்காடி எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

"இல்லை தம்பி. பதினொரு வருசம் நான் அடிச்ச கோட்டையெல்லாம் ஆரோ துடைச்சவங்கள். இதை நான் அடிக்கிறன். நீர் நுனியைப் பிடியும்."

நீல எண்ணெய்ப் பெயின்றை இளக்கி நூலைத் தோய்த்தோம். ஒரு நுனி என் கையில். மறு நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. ஃபிராவ் கெல்லர் வந்து பிடித்தார். நடுவில் அர்காடி, ஏணியில். நூலை இரண்டு விரலால் இழுத்தார்.  கண்ணை மூடினார். விட்டார்.

கோதுமைக்கும் தலைவரின் நெற்றிக்கும் குறுக்கே நீலம் பாய்ந்தது. ஃபிராவ் கெல்லரின் மூக்கிலும் கன்னத்திலும் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. அவர் துடைக்கவில்லை. "அடுத்தது," என்றார்.

5. கடிதம்

எல்லாம் முடிந்தபிறகு அர்காடி கேட்டார்: "இவற்ரை வேலை என்ன மாதிரி?"

ஃபிராவ் கெல்லர் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்தார். கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து, அது பென்சில் என்று கண்டு, என்னிடம் பேனை கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பெருவிரல் பட்டுத் தாளின் ஓரத்தில் நீலம் அப்பியது. வேறு தாளில் எழுதவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கன்ரோன் அலுவலகத்தில் ஒருவரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

அர்காடி அடுத்த கிழமை போய்விட்டார். மூன்று மாதமாக ஒரு செய்தியும் இல்லை. அந்த மூன்று மாதமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று குணம் அண்ணை சொல்வார். என் கேள்விதான் அவரை மாட்டிவிட்டதோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு காட்சிக்கூட விலாசத்துக்கு ஒரு தபாலட்டை வந்தது. கோணல் ஜெர்மனில் இரண்டே வரி. "இங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. கோடு என்னுடையது என்று நானேதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்."

ஃபிராவ் கெல்லர் அதை வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். நான் பொதி அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

பிள்ளைகளே, கையுறை போடுங்கள், தூக்குமுன் சட்டத்தைச் சரிபாருங்கள், இதெல்லாம் உங்களுக்கு மற்றவர்களும் சொல்லித்தருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். ஒரு படத்தில் ஏதாவது அழுக்காகத் தெரிந்தால், துடைக்குமுன் கேளுங்கள். அந்த அழுக்கால் ஒன்றைச் சொல்லத்தான் ஒரு மனிதன் சட்டைப்பைக்குள் பாணை வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம்.